கணக்குக் கேட்கப்படாத ஜெனரல்

டிசம்பர் 5 என்ற திகதி வரும்போதெல்லாம் எனக்கு இரண்டு காட்சிகள் நினைவுக்கு வருகின்றன. இரண்டுக்கும் இடையில் சரியாக ஆறு ஆண்டுகள். இரண்டிலும் ஒரே மனிதரின் பெயர்.

முதலாவது 1995. யாழ்ப்பாணத்தில் சிங்கக்கொடி ஏற்றப்படுகிறது. ஏற்றியவர் பாதுகாப்புப் பிரதியமைச்சர் கேணல் அனுருத்த ரத்வத்த. அன்றிரவு நான் கொழும்பில் ஒரு தமிழ் நாளேட்டின் மொழிபெயர்ப்பு மேசையில் இருந்தேன். எனக்கு இருபத்தைந்து வயது. பட்டம் பெற்று வெளியேறி மூன்றாண்டுகள்கூட ஆகவில்லை. அது தணிக்கைக் காலம். வடக்கிலிருந்து சொந்தமாக ஒரு வரி எழுத எங்களுக்கு அனுமதியில்லை. வந்த அறிக்கையைத் தமிழாக்குவது மட்டுமே எங்கள் வேலை. இலட்சக்கணக்கான மக்கள் ஒக்டோபர் 30ஆம் திகதி இரவோடு இரவாக வலிகாமத்தை விட்டு வெளியேறிவிட்டிருந்தனர். வெறிச்சோடிய அந்த நகரத்தில் கொடி ஏறியதை நான் தமிழில் 'வெற்றி' என்று எழுதினேன்.

இரண்டாவது 2001. பொதுத் தேர்தல் நாள். கண்டிக்கு அப்பால், மடவளைக்கு அருகிலுள்ள உடதலவின்னவில் பத்து முஸ்லிம் இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எதிரணிக் கூட்டணியை ஆதரித்த முஸ்லிம் காங்கிரஸ்காரர்கள் அவர்கள். அந்த வழக்கில் எதிரிகளாக நிறுத்தப்பட்டோரில், அதற்குள் ஜெனரல் ஆகிவிட்டிருந்த அதே ரத்வத்தவும் அவருடைய இரு மகன்மாரும் இருந்தார்கள். 2006 ஜனவரியில் மூன்று நீதிபதிகள் அடங்கிய விசேட நீதிமன்றம் அம்மூவரையும் விடுதலை செய்தது. வேறு ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. நீதிமன்றம் விடுவித்த ஒருவரை நான் இங்கே மறுபடியும் கூண்டில் ஏற்றப்போவதில்லை. சட்டத்தின் முன் அவர் குற்றமற்றவர். 2011 நவம்பரில் காலமும் ஆகிவிட்டார்.

என் வழக்கு வேறு. இந்த இரண்டு டிசம்பர் ஐந்துகளுக்கும் நடுவே இருந்த ஆறு ஆண்டுகளுக்கு யார் கணக்குச் சொன்னார்கள்? அதுதான் என் கேள்வி. எவரும் சொல்லவில்லை, எவரும் கேட்கவுமில்லை. கேட்க முடியாத வகையில் ஒரு பதவி அமைக்கப்பட்டிருந்தது. அந்தப் பதவியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அந்த அமைப்பு இன்னும் கலைக்கப்படவில்லை.

என் தந்தையார் மாவனல்லைப் பக்கத்து றப்பர் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கணக்கு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. பால்வெட்டும் பெண்ணின் வாளியில் பால் குறைந்தால் அன்று மாலையே செக்ரோலில் அரைப்பேர் விழுந்துவிடும். மழை பெய்தது, மரம் கிழடு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்ற சமாதானமெல்லாம் எடுபடாது. நாட்டின் அடித்தட்டில் கணக்கு அவ்வளவு கறாராகப் பார்க்கப்படுகிறது. மேலே ஏற ஏற அது தளர்ந்துகொண்டே போய், பாதுகாப்பு அமைச்சின் வாசலில் முற்றாக நின்றுவிடுகிறது.

ரத்வத்தவின் வாழ்க்கைப் பாதையைச் சற்றுப் பாருங்கள். கண்டிச் சீமையின் பெருங்குடும்பமொன்றில் பிறந்தவர். ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவின் உறவினர். சந்திரிகாவுக்கு மாமன் முறை. இராணுவத்தின் தொண்டர் படைப் பிரிவில், சிங்கப் படையணியில் அதிகாரியாக இருந்து லெப்டினன்ட் கேணல் தரம்வரை வந்தவர். 1994 ஒகஸ்டில் பொதுசன ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தபோது அவருக்கு இரண்டு பொறுப்புகள் கிடைத்தன: பாதுகாப்புப் பிரதியமைச்சு ஒன்று, மின்சக்தி அமைச்சு மற்றொன்று. பாதுகாப்பு அமைச்சர் என்ற பெயர் ஜனாதிபதி சந்திரிகாவிடம் இருந்தது. அன்றாடப் போர் பிரதியமைச்சரின் கையில் இருந்தது.

யாழ்ப்பாணம் வீழ்ந்ததும் பழைய அரசர் காலத்துத் தூதோலையின் பாணியில், அந்நகரை 'யாபா பட்டுன' என்ற சிங்களப் பெயரால் குறித்து, ஜனாதிபதியிடம் சுருள் ஒன்றைக் கையளித்தார் ரத்வத்த. ஒரு ஜனநாயக நாட்டின் அமைச்சர் தம் சொந்த நாட்டின் நகரமொன்றைப் பிடித்து வந்து அரசியாரின் காலடியில் வைக்கும் காட்சி அது. அந்த நகரத்து மக்கள் பிரஜைகளா, பிடிபட்ட குடிகளா என்ற கேள்விக்கு அந்தச் சுருளே பதிலாயிற்று. அந்த வெற்றியை அடுத்து அவர் ஜெனரலாக உயர்த்தப்பட்டார். அப்போது இராணுவத் தளபதியாக இருந்தவரின் தரம் லெப்டினன்ட் ஜெனரல். ரிவிரெச நடவடிக்கையைத் திட்டமிட்டவர்களும் களத்தில் நடத்தியவர்களும் தொழில்முறை இராணுவ அதிகாரிகள். அவர்கள் எல்லோரையும்விட உயர்ந்த நட்சத்திரங்கள் அமைச்சரின் தோளில் ஏறின.

இதில் என்ன பிழை, ஒரு கௌரவம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. பிழை இங்கேதான் தொடங்குகிறது. பாதுகாப்பு அமைச்சர் என்பவர் இராணுவத்தின் தலைமகன் அல்லர். இராணுவத்திடம் கேள்வி கேட்பதற்காக மக்கள் அனுப்பிய ஆள் அவர். ஏன் இத்தனை பேர் இறந்தார்கள், ஏன் இந்த முகாம் விழுந்தது, கைதான பிள்ளை எங்கே என்று கேட்பதே அவர் தொழில். கேட்க வேண்டியவரே சீருடை அணிந்து, கேட்கப்படுபவர்களின் வரிசையில் முதலாவது ஆளாக நின்றுவிட்டால் கேள்வி எங்கிருந்து வரும்?

வரவில்லை. 1996 ஜூலை 18 அன்று முல்லைத்தீவு முகாம் தாக்கப்பட்டது. சில நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் எங்கள் சப்ரகமுவ போன்ற மாகாணங்களின் ஏழைச் சிங்களக் கிராமங்களிலிருந்து போன பையன்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பிரதியமைச்சர் பதவியில் இருந்தார். 1997 மே 13இல் ஜயசிக்குறு தொடங்கியது. வவுனியாவிலிருந்து வடக்கே கண்டி வீதியைத் திறப்பதுதான் நோக்கம். 1998 பெப்ரவரி 4ஆம் திகதி சுதந்திரப் பொன்விழாவுக்கு முன் பாதை திறந்துவிடும் என்றார்கள். பொன்விழா வந்தது, போயிற்று; பாதை திறக்கவில்லை. 1998 செப்டெம்பரில் கிளிநொச்சி போயிற்று. டிசம்பரில் ஜயசிக்குறு கைவிடப்பட்டது. 1999 நவம்பரில், மாதக்கணக்கில் உயிர்களைக் கொடுத்துப் பிடித்த நிலமெல்லாம் ஒரு வாரத்துக்குள் கைமாறியது. 2000 ஏப்ரல் 22இல் ஆனையிறவு வீழ்ந்தது. இவை அனைத்துக்கும் பிறகும் பிரதியமைச்சர் பதவியில் இருந்தார். அவர் ஜெனரல், தோல்விகள் மற்றவர்களுடையவை.

தோல்விக் கணக்கைவிட எனக்கு முக்கியமானது வேறொரு கணக்கு. 1996இல், யாழ்ப்பாணம் இராணுவத்தின் கைக்கு வந்த பிறகு, அங்கே நூற்றுக்கணக்கானோர் காணாமற்போனார்கள். அந்த ஆண்டு செப்டெம்பரில் மாணவி கிருஷாந்தி குமாரசாமி சோதனைச் சாவடியொன்றில் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அவரைத் தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும்கூடக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் மரண தண்டனை பெற்ற லான்ஸ் கோப்ரல் ஒருவர் 1998 ஜூலையில் நீதிமன்றத்தில் வாய் திறந்தார். செம்மணியில் முந்நூறு, நானூறு உடல்கள் புதைக்கப்பட்டுள்ளன என்றார். 1999இல் தோண்டி 15 உடல்களை எடுத்துவிட்டு மூடிவிட்டார்கள். 2025இல் அதே செம்மணியில் சித்துப்பாத்தி மயானத்தில் தோண்டியபோது 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அவை யாருடையவை, எந்த ஆண்டுக்குரியவை என்பதை ஆய்வுதான் சொல்ல வேண்டும். ஆனால் 1996இல் அங்கே என்ன நடந்தது என்று அன்றைய பாதுகாப்பு அமைச்சு ஒழுங்காகக் கேட்டிருந்தால், முப்பது ஆண்டுகள் கழித்து மண்ணிடம் கேட்க வேண்டிய நிலை வந்திராது.

கேட்கக்கூடிய இன்னொரு தரப்பு பத்திரிகைகள். எங்களை என்ன செய்தார்கள்? 1998 ஜூனில் தணிக்கை மீண்டும் வந்தது. அந்த ஆண்டு பெப்ரவரியில் பாதுகாப்புப் பத்தி எழுதிவந்த இக்பால் அத்தாஸின் வீட்டுக்குள் ஆயுததாரிகள் புகுந்து குடும்பத்தின் முன்னால் அவருடைய தலையில் துப்பாக்கியை வைத்தார்கள். 2000 ஒக்டோபர் 19 இரவு, ஊரடங்கு வேளையில், படையினரின் காவலரண்கள் சூழ்ந்த யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜன் தம் வீட்டில், எழுதிக்கொண்டிருந்த மேசையிலேயே கொல்லப்பட்டார். அந்தச் செய்தி வந்த இரவு எங்கள் ஆசிரியபீடத்தில் எவரும் பேசவில்லை. மறுநாள் எல்லோரும் வேலைக்கு வந்தோம். எங்களால் செய்ய முடிந்த எதிர்ப்பு அவ்வளவுதான்.

இதெல்லாம் வடக்கின் கதை, மாவனல்லைக்கு என்ன என்று கேட்கலாம். மாவனல்லைக்கு வருகிறேன்.

கொழும்பு–கண்டி வீதியில் கேகாலையைத் தாண்டினால் எங்கள் ஊர். முஸ்லிம் கடைகள், சிங்களக் கிராமங்கள், சுற்றிலும் மலைச்சரிவில் தோட்டத் தமிழர் லயங்கள். 2001 ஏப்ரல் கடைசி நாள் சண்டியர்கள் சிலர் கப்பம் கேட்க, மறுத்த முஸ்லிம் வர்த்தகர் ஒருவர் கொடூரமாகத் தாக்கப்பட்டார். பொலிஸார் அசையவில்லை. நியாயம் கேட்டு மக்கள் கூடினார்கள். மே 2ஆம் திகதி பெருங்கும்பலொன்று நகருக்குள் இறங்கியது. கடைகள், வீடுகள், பள்ளிவாசல்கள் எரிந்தன. உயிரும் போயிற்று. பொலிஸ் நிலையம் நகரிலேதான் இருந்தது.

ஊரடங்கு தளர்ந்ததும் வீட்டுக்கு வந்தேன். எங்கள் குடும்பத்துக்குக் கடனுக்குச் சாமான் கொடுத்துவந்த மளிகைக்கடை கரிக்கட்டையாக நின்றது. முதலாளி வாசலில் ஒரு கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்திருந்தார். என்ன சொல்வதென்று தெரியாமல், "நானா, எங்கட பாக்கி எவ்வளவு?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "கடன் கொப்பியும் எரிஞ்சு போச்சு தம்பி. இனி யார் யாருக்கு எவ்வளவு குடுக்கவேணும் எண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

அந்த நாட்களில் பொலிஸ் திணைக்களம் பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்தது. வன்னிக் காட்டில் பாதை வெட்டப்போன அமைச்சும், மாவனல்லைச் சந்தியில் கைகட்டி நின்ற பொலிஸின் அமைச்சும் ஒன்றே. அதற்கு ஆறு மாதங்களுக்கு முன், 2000 ஒக்டோபர் 25 அன்று, பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் அரசின் காவலில் இருந்த தமிழ் இளைஞர்கள் இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் கும்பலொன்றால் வெட்டியும் எரித்தும் கொல்லப்பட்டபோது அங்கே நின்றவர்களும் அதே பொலிஸார்தான். 2005இல் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கில் எஞ்சியிருந்தவர்களையும் விடுவித்தது. அத்தனை பிள்ளைகள் பட்டப்பகலில் கொல்லப்பட்டார்கள். கொன்றவர் என்று இன்று சட்டத்தின்படி எவரும் இல்லை.

பிந்துனுவெவவில் தமிழர். மாவனல்லையில் முஸ்லிம்கள். முல்லைத்தீவில் சிங்களப் பையன்கள். இனம் வேறு வேறு. பொறுப்பான அமைச்சு ஒன்று. அந்த அமைச்சிலிருந்து இவற்றுக்காகப் பதவி விலகியவர் எவருமில்லை.

இனி என்மீது வரும் வழமையான குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். "புலிகளைப் பற்றி ஏன் எழுதவில்லை?" எழுதியிருக்கிறேன், மறுபடியும் எழுதுகிறேன். 1996 ஜனவரி 31இல் கொழும்பு மத்திய வங்கியில் சுமார் 90 பேரைக் கொன்றதற்கும் 1998 ஜனவரியில் தலதா மாளிகையில் குண்டு வைத்ததற்கும் எந்த விடுதலைப் போராட்டத்திலும் நியாயம் கிடையாது. பொறுப்புக்கூறாத தலைமை தன் மக்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் மணலில் தமிழினம் கண்டது. அரசுப் படைகளின் குற்றத்தை அது எவ்வகையிலும் குறைக்காது. கணக்குக் கேட்கப்படாத ஆயுதம் யார் கையில் இருந்தாலும் ஆபத்து என்பதே என் வாதம். ஆயினும் புலிகள் என்னிடம் வாக்குக் கேட்டவர்கள் அல்லர், ரத்வத்த கேட்டவர். வாக்குக் கேட்டவர் கணக்குச் சொல்லத்தான் வேண்டும்.

"போர்க்காலத்தில் இராணுவம் தெரிந்தவர் அமைச்சராக இருப்பது நல்லதுதானே?" என்பது இன்னொரு வாதம். உலகில் இதற்கு உதாரணங்கள் உண்டு. இராணுவத் தளபதியாக இருந்த மோசே தயான் 1967இல் இஸ்ரேலின் பாதுகாப்பு அமைச்சரானார்; ஆறு நாள் போரின் வீரர் என்று கொண்டாடப்பட்டார். 1973 ஒக்டோபர்ப் போரில் நாடு திடுக்கிட்டபோது விசாரணை ஆணைக்குழு அமைச்சர்களைவிட அதிகாரிகள்மீதே பழியைப் போட்டது. இறந்த சிப்பாய்களின் பெற்றோரும் திரும்பி வந்த சிப்பாய்களும் தெருவில் இறங்கினார்கள். 1974இல் அமைந்த புதிய அரசில் தயானுக்கு இடமிருக்கவில்லை. அமெரிக்காவிலோ இதற்குச் சட்டமே இருக்கிறது. படையிலிருந்து விலகிப் பத்தாண்டுகள் கழியாதவர் பாதுகாப்புச் செயலாளராக முடியாது என்று 1947இல் விதித்தார்கள். 2008இல் அதை ஏழாண்டுகளாக்கினார்கள். 1950இல் ஜோர்ஜ் மார்ஷலுக்கும், 2017இல் மாட்டிஸுக்கும், 2021இல் ஒஸ்ரினுக்கும் விலக்களிக்க ஒவ்வொரு முறையும் காங்கிரஸ் தனிச்சட்டம் நிறைவேற்ற வேண்டியிருந்தது. அண்டை நாடான இந்தியாவில் முன்னாள் மேஜர் ஜஸ்வந்த் சிங் 2001இல் சில மாதங்கள் பாதுகாப்பு அமைச்சைக் கவனித்தார். அவர் மேஜராகவே இருந்தார். அமைச்சில் உட்கார்ந்தபடி எவரும் அவரை ஜெனரலாக்கவில்லை.

எங்கள் நாட்டிலேயே ஒரு மாற்று உதாரணம் உண்டு. 2001 டிசம்பரில் வந்த புதிய அரசில் பாதுகாப்பு அமைச்சரானவர் திலக் மாரப்பன; முன்னாள் சட்டமா அதிபர், சீருடை அணியாதவர். ஜயசிக்குறுவால் திறக்க முடியாத அதே ஏ-9 பாதை, 2002 பெப்ரவரிப் போர்நிறுத்த உடன்படிக்கையின்பின் ஏப்ரலில் திறந்தது. 2006 ஒகஸ்டில் அது மறுபடியும் மூடப்பட்டது என்பதும், அந்தச் சமாதானம் நிலைக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் ஒன்றரை ஆண்டுப் போரில் ஆயிரக்கணக்கான உயிர்கள் கொடுத்தும் திறக்காத பாதை ஒரு கையெழுத்தில் திறந்ததென்பதும் உண்மையே.

இந்தப் பாடத்தை நாடு கற்றதா? 1991இல் லெப்டினன்ட் கேணலாக ஓய்வுபெற்ற கோட்டாபய ராஜபக்ஷ 2005இல் பாதுகாப்புச் செயலாளரானார். 2019 நவம்பரில் ஜனாதிபதியானார். பாதுகாப்பையும் தம்மிடமே வைத்துக்கொண்டார். சுங்கத்துக்கு ஒரு மேஜர் ஜெனரல், சுகாதார அமைச்சின் செயலாளராக ஒரு மேஜர் ஜெனரல் என்று நியமித்தார். 2021இல் இரசாயன உரத்தை ஒரே உத்தரவில் நிறுத்தினார். எங்கள் தோட்டங்களில் கொழுந்து குறைந்தது. உத்தரவுக்கு எதிர்க்கேள்வி கேட்டுப் பழகாத ஆட்சி முறை அது. 2022 ஏப்ரல் 19இல், மாவனல்லையின் அயலூரான ரம்புக்கனையில், எரிபொருள் விலைக்கு எதிராகத் தெருவில் நின்ற மக்களைப் பொலிஸார் சுட்டார்கள், ஒருவர் இறந்தார். சுடப்பட்டவர்கள் 2019இல் அவருக்கு வாக்களித்த மாவட்டத்து மக்கள். அவ்வாண்டு ஜூலையில் அவர் நாட்டை விட்டே ஓடினார்.

2024 நவம்பரில் புதிய அரசு வந்தபோது பாதுகாப்புப் பிரதியமைச்சராக நியமிக்கப்பட்டவரும் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல்: அருண ஜயசேகர. அவர்மீது எனக்குத் தனிப்பட்ட பகையில்லை. அவர் ரத்வத்தவும் அல்லர். மாற்றத்தைச் சொல்லி வந்தவர்களுக்கும் அந்தக் கதிரையைக் கண்டதும் ஒரு முன்னாள் அதிகாரியின் நினைவே வருகிறதே என்பதுதான் என் கவலை. செம்மணியின் எலும்புகள் வெளியே வந்த ஆண்டில், இராணுவத்திடம் கேள்வி கேட்க வேண்டிய கதிரை அது. இராணுவத்தில் வாழ்நாளைக் கழித்தவர் தம் பழைய தோழர்களிடம் அந்தக் கேள்விகளைக் கேட்பாரா? கேட்டால் நான் மகிழ்வேன். ஆனால் ஒரு நாட்டின் நீதி ஒரு தனிமனிதரின் நற்குணத்தை நம்பி இருக்கக்கூடாது.

நான் கேட்பவை மூன்று. படையிலிருந்து விலகிப் பத்தாண்டுகள் கழியாத எவரும் பாதுகாப்பு அமைச்சராகவோ பிரதியமைச்சராகவோ அமைச்சின் செயலாளராகவோ வரக்கூடாது என்று சட்டம் வேண்டும். அமைச்சுப் பதவியில் இருப்பவருக்குப் படைத்தரம் உயர்த்துவது அறவே தடுக்கப்பட வேண்டும். பொலிஸ், எந்த ஆட்சியிலும், பாதுகாப்பு அமைச்சின் கீழ் மறுபடியும் போகக்கூடாது. இவை புரட்சிகரமான கோரிக்கைகள் அல்ல. ஒரு தோட்டத்துச் செக்ரோலில் கடைப்பிடிக்கப்படும் ஒழுங்கை அமைச்சிலும் கடைப்பிடியுங்கள் என்பதுதான். பால்வெட்டுபவரே தராசையும் பிடித்துக் கணக்கையும் எழுதிக்கொள்ள எந்தத் துரையும் விட்டதில்லை.

மாவனல்லையில் அந்த மளிகைக்கடை மறுபடியும் எழுந்தது. நானா இன்று இல்லை, மகன் நடத்துகிறார். எங்கள் பாக்கியை அப்பா தம் ஞாபகத்திலிருந்து கணக்குப்போட்டு, 2001 கடைசிக்குள் கொடுத்து முடித்தார். கொப்பி எரிந்துவிட்டது என்பதற்காகக் கடன் இல்லையென்று ஆகிவிடாது என்றார்.

பாதுகாப்பு அமைச்சின் கொப்பி எரியவில்லை. திறந்து பார்க்கத்தான் ஆளில்லை.